சென்னையை வென்ற ஸ்பானியர்

அபர்டீன் பஜாரில் நம் கடையை அடுத்திருப்பது வங்காள அன்பர் ஒருவரின் கடை. கால்பந்தாட்டப் பேச்செடுத்தால் அவர் நாவில் வருவது அந்தோனியோ லோப்பஸ் ஹபாஸ் என்னும் ஸ்பானியப் பயிற்சியாளரின் பெயரே. 1957-இல் பிறந்த ஹபாஸ், முன்னர்ப் பொலிவியா நாட்டு அணியைப் பயிற்றுவித்தவர். 2014-இல் இந்தியன் சூப்பர் லீகின் முதற் கோப்பையைக் கல்கத்தாவுக்கு ஈட்டித் தந்தார். கோல் விடாது காப்பதே இவரது முதற் பாடம். கண்ணுக்கு விருந்தென்று நாம் சொல்லமாட்டோம். 2020 மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாகப் பார்வையாளரின்றிக் கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில், முன்பு இருமுறை வாகை சூடிய நம் சென்னை அணியை 3-1 என வீழ்த்தினார். மறுநாள் அடுத்த கடையிலிருந்து இனிப்பு வந்தது. வேண்டாவெறுப்பாய் உண்டோம். 2024-இல், 66-ஆம் வயதில், பருவத்தின் இடையில் மோகன் பகான் அணியை ஏற்று, லீக் கேடயத்தை வென்றார். கோப்பையை மட்டும் மும்பை அணி பறித்துக்கொண்டது. அன்று அன்பருக்கு ஆறுதல் கூறச் சென்றவர் நாமே.