கைபேசி வாணிபத்தில் எச்சரிக்கை

தறியில் நெய்த சேலையையும் வயலில் விளைந்த மஞ்சளையும் இடைத்தரகரின்றி விற்க வேண்டுமென்பது கூட்டுறவாளரின் நெடுநாளைய நோக்கமாகும். கைத்தறித் துணிக்குச் சந்தை தேடித் தரவே 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் நிறுவப்பெற்றது. இன்று நம் அங்கத்தினர் பலர் கைபேசியின் வாயிலாக வெளியூராருக்கு நேரே விற்று வருகின்றனர். இது மகிழத்தக்கதே. ஆயினும், தரகர் அகன்ற இடத்தில் வஞ்சகர் நுழைந்துவிடலாகாது.

அவர்கள் பெரிதும் கையாளும் சூழ்ச்சி ஒன்றுண்டு. சேலையின் படத்தைக் கண்டதாக ஒருவர் பேசுவார். விலையில் பேரம் செய்யார்; சரக்கைப் பற்றியும் வினவார். தாம் இராணுவத்தில் பணிபுரிவதாகக் கூறி, அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புவார். பின்னர் ஒரு கியூ.ஆர். குறியீட்டை அனுப்பி, "இதை ஸ்கேன் செய்து உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள், பணம் வந்துவிடும்" என்பார். எண்ணை இட்டவுடன் பணம் வருவதில்லை. நம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. யு.பி.ஐ. முறையில் பணம் கொடுப்பதற்கே இரகசிய எண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இவ்வொன்றை அறிந்தவர் இச்சூழ்ச்சிக்கு இரையாகார்.

வேறு சிலர், பணம் செலுத்தியதாகக் காட்டும் படத்தை அனுப்பிச் சரக்கைக் கேட்பர். அத்தகைய படத்தைப் புனைவது எளிது. இன்னுஞ் சிலர், 2,000 ரூபாய்க்குப் பதிலாக 20,000 ரூபாய் வந்ததாகப் பொய்க் குறுஞ்செய்தி விடுத்து, "சுழியொன்று மிகுந்துவிட்டது, மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணம், மிகுதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவர். இரக்கமுள்ளோரே இதில் ஏமாறுகின்றனர்.

ஆதலின், வங்கிக் கணக்கின் இருப்பைத் தாமே பார்த்து, பணம் சேர்ந்ததை உறுதிசெய்த பின்னரே சரக்கை அனுப்புக. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லற்க. முன்பின் அறியாதவர் அனுப்பும் செயலியைக் கைபேசியில் ஏற்றற்க. அவசரப்படுத்துவோரிடம், "வங்கியில் விசாரித்துச் சொல்கிறேன்" என்று கூறிப் பேச்சை முடித்துக்கொள்க.

ஏமாற நேர்ந்தால் உடனே 1930 என்னும் அரசு உதவி எண்ணுக்கும், தம் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். வஞ்சகர் பணத்தை எடுப்பதற்கு முன்னர்ச் செய்தி சென்றால், அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு. வெட்கத்தால் மறைப்பது தகாது. ஒரு சேலையில் குடும்பம் முழுவதன் பல நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. பட்ட அனுபவத்தைச் சங்கக் கூட்டத்தில் எடுத்துரைத்தால், மற்றோர் அங்கத்தினரின் உழைப்பேனும் காப்பாற்றப்படும்.