நான்காவது சகோதரி எங்கே?

இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் கோடானுகோடி நியூட்ரினோக்கள் உங்கள் உடம்புக்குள் புகுந்து வெளியேறிவிட்டன. பயப்படாதீர்கள்! பூமியையே ஊடுருவிப் போகும் துகள்கள் அவை, ஒன்றும் செய்யமாட்டா.

இவற்றில் மூன்று வகை. மூன்று சகோதரிகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போகிற வழியிலேயே ஒருத்தி இன்னொருத்தியாக வேஷம் மாறிவிடுவாள். 1990-களில் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் நடந்த சோதனையில் இந்தக் கணக்கு இடித்தது. எதன்மீதும் மோதாமல், யாரிடமும் அகப்படாமல் நான்காமவள் ஒருத்தி இருக்கிறாளோ? இருந்தால் பௌதிகப் பாடத்தையே மாற்றி எழுத வேண்டியதுதான்!

அவளைத் தேட உதவியது தென் துருவத்தில் 2010-ல் கட்டி முடித்த 'ஐஸ்க்யூப்' தூரதரிசினி. வெந்நீரைப் பாய்ச்சிப் பனிக்கட்டியில் 86 துளைகள் இட்டு, 1,450 மீட்டருக்குக் கீழே 5,160 ஒளிக் கண்களைச் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தப்பித் தவறி ஒரு நியூட்ரினோ பனியில் மோதினால் நீல ஒளி சிந்தும், கண்கள் பார்த்துக்கொள்ளும்.

வடக்கே காற்றுமண்டலத்தில் பிறந்து பூமியைத் துளைத்து வருகிறவர்களில் சிலர், நான்காமவளாக மாறி நடுவழியில் மறைகிறார்களா? 20,000-க்கு மேல் எண்ணிப் பார்த்தார்கள். 2016-ல் பதில் வந்தது: அப்படிக் குறைவு எதுவும் இல்லை! ஆனால் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட கணக்கை 2024-ல் மீண்டும் புரட்டியபோது, லேசாக ஒரு சாயல் தெரிந்தது. அவள்தான் என்று சொல்ல அது போதாது.