ஈரம் விரும்பும் பூச்செடிகள்: அழுகலைத் தடுப்பது எப்படி?

பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலைக் கிராமங்களில் காபி, மலைவாழையோடு கேலா லில்லி, ஹைட்ரேஞ்சியா, ஆந்தூரியம் போன்ற பூச்செடிகளையும் வளர்க்கலாம். இவை ஈரத்தை விரும்புபவை. ஆனால் ஈரம் வேறு, தேங்கும் நீர் வேறு. நீர் தேங்கினால் மண்ணில் காற்றோட்டம் குறைந்து வேர் அழுகும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதல் கவனம் தேவை.

செடி வாடினால்...

வாடிய செடிக்கு உடனே தண்ணீர் ஊற்றக் கூடாது. விரலால் 2 அங்குலம் தோண்டிப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விடலாம். ஈரமாக இருந்தும் செடி வாடினால் வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெண்மையாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்தால் தோல் உரிந்து வரும். ஹைட்ரேஞ்சியா உச்சி வெயிலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் அது நோயல்ல.

கேலா லில்லி

வெள்ளைப் பூ ரகம் சதுப்பு நிலத்தையும் தாங்கும். மஞ்சள், இளஞ்சிவப்பு போன்ற வண்ண ரகங்கள் தாங்காது. இரண்டையும் ஒரே பாத்தியில் நடுவது தவறு. கிழங்கு கூழாகி நாற்றம் வீசினால் அது பாக்டீரியா மென்னழுகல். காயம் வழியே பரவும் இந்நோய் வந்த கிழங்கை மருந்தால் மீட்க முடியாது. சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அகற்றுங்கள், குப்பைக்குழியில் போடாதீர்கள். ஒவ்வொரு கிழங்கை வெட்டிய பின்னும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, வெட்டுவாய் உலரும் வரை நிழலில் வைத்து நடவும்.

ஹைட்ரேஞ்சியா

செடி செழித்தும் பூக்கவில்லையா? பரவலாக வளர்க்கப்படும் பெரிய இலை ரகம் முந்தைய ஆண்டுக் கிளையில்தான் பூக்கும். தாமதமாகக் கவாத்து செய்தால் மொட்டும் போய்விடும். எனவே பூத்து முடிந்தவுடன் கவாத்து செய்யவும். அமில மண்ணில் நீலமாகவும், சுண்ணாம்பு இட்டால் இளஞ்சிவப்பாகவும் பூ நிறம் மாறுவது இயல்பு.

ஆந்தூரியம்

வெறும் மண்ணில் நடாமல் தேங்காய் மட்டைத் துண்டு, கரி, செங்கல் துண்டு கலந்து நடவும். நிழல் குறைந்தால் இலை கருகும். மாலையில் இலை மேல் நீர் தெளித்தால் இரவு முழுவதும் ஈரம் நின்று நோய் பரவும். காலையில் வேர்ப் பகுதியில் நீர் விடவும்.

பொதுவான தடுப்பு

மழைக்கு முன்பே மேட்டுப்பாத்தி அமைத்து, சரிவை ஒட்டி வடிகால் எடுங்கள். நன்கு மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுங்கள். நத்தைகளை இரவில் கையால் பொறுக்கி அழிக்கலாம்.

காரணம் பிடிபடாவிட்டால், பாதித்த செடியை வேரோடு பையில் எடுத்துச் சென்று தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறலாம். மருந்து வாங்குவது அதன் பிறகு இருக்கட்டும்.