வழவழப்புக்குத்தான் விலை

எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடருக்கு எதற்கு இத்தனை விலை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஜெர்மனியின் ஷெம்ப்-ஹிர்த், அலெக்சாண்டர் ஷ்லைஹர் போன்ற நிறுவனங்களின் 18 மீட்டர் இறக்கை கொண்ட ஒற்றை இருக்கைக் கிளைடரை, தானே மேலெழும்ப உதவும் சிறு மோட்டார், கருவிகள், ஏற்றிச்செல்லும் டிரெய்லர் எல்லாம் சேர்த்து வாங்கினால் 2 லட்சம் யூரோவைத் தாண்டிவிடுகிறது. நம் பணத்தில் ஏறக்குறைய 2 கோடி ரூபாய். அதற்குப் பிறகு டெலிவரிக்காகக் காத்திருக்கவும் வேண்டும். பழையது வாங்கலாம் என்றால் அதன் விலையும் ஏறிக்கொண்டே போகிறது. கார்பன் இழையின் விலை, சான்றிதழ் விதிகள், ஐரோப்பியச் சம்பளம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றையும் கட்டியிழுப்பது இறக்கையை ஒட்டி ஓடும் சில மில்லிமீட்டர் தடிமனான காற்று என்பதே என் கட்சி.

நல்ல கிளைடர் 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் 40 கிலோமீட்டர் முன்னே போய்விடும். விமானியோடு சேர்த்து 350 கிலோ எடை என்றால், காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை 9 கிலோ எடைக்கும் குறைவு. இந்தச் சிக்கனம் எங்கிருந்து வருகிறது? இறக்கையின் மேற்பரப்பை ஒட்டிய காற்று அடுக்கடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போனால் அது வரிச்சீர் ஓட்டம். அந்த அடுக்குகள் குழம்பிவிட்டால் சுழற்சி ஓட்டம். கிளைடரின் வேகத்தில், அதன் இறக்கை அகலத்தில், சுழற்சி ஓட்டத்தின் உராய்வு வரிச்சீர் ஓட்டத்தைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே காற்றை எவ்வளவு தூரம் குழம்பாமல் கூட்டிப்போகிறோம் என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை முழுவதும் இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்து லூக் பூர்மன்ஸ் வடிவமைத்து, 1990களில் வந்த ஏஎஸ்டபிள்யூ 27 கிளைடரில் பயன்பட்ட இறக்கை வடிவத்தில், கீழ்ப்பரப்பின் 90 சதவீதத்துக்கும் மேல் காற்று வரிச்சீராகவே ஓடுகிறது. இதைக் கெடுக்க ஒரு பூச்சி போதும். முன்விளிம்பில் மோதி ஒட்டிய பூச்சிக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஒரு பட்டை முழுவதும் காற்று குழம்பிவிடும். அதற்காகவே போட்டிக் கிளைடர்களில் பூச்சி துடைப்பான் வைத்திருக்கிறார்கள். விமானி விசையைத் தட்டினால், நூல் கட்டிய ஒரு சிறு கருவி முன்விளிம்பை வழித்துக்கொண்டே இறக்கை நுனிவரை போய்த் திரும்பி வருகிறது, நடுவானத்தில். அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

பூச்சியே இந்தப் பாடு படுத்துமென்றால், தொழிற்சாலையில் விழும் ஒரு மேடு என்ன செய்யும்? கொழுக்கட்டை அச்சை எடுத்துக்கொள்வோம். இரண்டு பாதியிலும் எண்ணெய் தடவி, மாவை மெல்லிசாக ஒட்டி, பூரணம் வைத்து மூடுகிறோம். கிளைடர் இறக்கையும் இரண்டு பாதி அச்சில்தான் பிறக்கிறது. எண்ணெய்க்குப் பதில் மெழுகு. முதல் பூச்சாக ஜெல்கோட் என்னும் வெள்ளைப் பூச்சு, அதன்மேல் எப்பாக்சியில் நனைந்த கண்ணாடி இழைத் துணியும் கார்பன் துணியும், பூரணத்தின் இடத்தில் நீள வாக்கில் ஓடும் உத்தரம். மாவு காய்வதற்குள் கை ஓட வேண்டும். இங்கும் எப்பாக்சி இறுகுவதற்குள் அத்தனை துணியும் சுருக்கமின்றி அமர்ந்தாக வேண்டும். அச்சைத் தொட்ட பக்கம் வழவழப்பாக வரும், உள்பக்கத்தைக் காற்று பார்க்கப்போவதில்லை. சிக்கல் ஓரத்தில் ஆரம்பிக்கிறது. கொழுக்கட்டையில் பிதுங்கிய மாவைக் கிள்ளிவிட்டு ஆவியில் வைத்துவிடலாம். இறக்கையில் அந்த மூட்டு விழுவது முன்விளிம்பில், காற்று முதலில் வந்து முட்டும் அதே இடத்தில். பிசின் இறுகும்போது சுருங்குவதால், உள்ளே உத்தரம் இருக்கும் இடம் வெளியே மெல்லிய அலையாகவும் தெரிய ஆரம்பிக்கும். இரு காலூன்றி நிற்கும் ஒரு சிறு அளவியை இறக்கையின் மேல் நகர்த்தி அந்த அலையை அளக்கிறார்கள். ஐந்து சென்டிமீட்டர் தூரத்துக்குள் 0.1 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலே அதிகம். பிறகு நீளமான தட்டைப் பலகையில் உப்புத்தாளைச் சுற்றிக்கொண்டு, இறக்கை முழுவதையும் கையால் தேய்க்கிறார்கள். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், நீர்த்தாள், கடைசியில் பாலிஷ். ஒரு கிளைடரைக் கட்டி முடிக்க ஆகும் நேரம் பல நூறு மணி. அதில் பெரும்பங்கு இப்படிக் கைக்குத்தான் போகிறது.

வரலாறு சுருக்கமாகப் போதும். ஓட்டோ லிலியந்தால் 1890களில் பெர்லின் தொழிற்சாலையில் செய்த கிளைடரை 500 மார்க்குக்கு விற்றார். முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் எஞ்சின் விமானத்துக்குக் கை விலங்கிட, ஜெர்மன் இளைஞர்கள் 1920 முதல் வாசர்குப்பே மலையில் மரக் கிளைடர்களோடு கூடினார்கள். மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணி பள்ளம் விழும். வரிச்சீர் ஓட்டம் அதில் நிலைக்காது. 1957இல் ஸ்டுட்கார்ட் மாணவர் குழுவின் ஃபீனிக்ஸ், முதல் கண்ணாடி இழைக் கிளைடராகப் பறந்தது. விலைக்கதை அங்கேதான் தொடங்குகிறது.

போயிங் 787இன் உடலில் கார்பன் பட்டைகளை இயந்திரம்தானே அடுக்குகிறது, கிளைடருக்கு ஏன் ரோபோ கூடாது என்று கேட்கலாம். கூடாது என்று இயற்பியல் சொல்லவில்லை, கணக்குதான் சொல்கிறது. விமானத் தயாரிப்பில் மொத்த எண்ணிக்கை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் உழைப்பு நேரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது என்று பொறியாளர் டி.பி. ரைட் 1936இல் எழுதினார். முதல் பத்திலிருந்து இருபதுக்குப் போவது எளிது. ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குப் போக, உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சில நூறு கிளைடர்களே விற்கும் சந்தையில், ஒரு ரகத்துக்கு எத்தனை ஆண்டு ஆகும்? ரோபோவின் முதலீட்டை எடுக்குமுன் அந்த ரகமே பழசாகிவிடும். உழைப்பு நேரம் குறைவது நின்றுபோய், சுற்றியுள்ள தொழில்களில் உற்பத்தித்திறனும் சம்பளமும் ஏறினால், நின்றுபோன தொழிலின் பொருள் தானாகவே விலை ஏறும். பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960களில் காட்டிய விளைவு இது. சம்பளம் குறைந்த நாட்டில் செய்தால் என்ன என்றால், செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாங்கர் நிறுவனம் உலகத்தரமான கிளைடர்கள் செய்கிறது. அவற்றை வாங்குபவர்கள் போட்டியில் வெல்ல வாங்குகிறார்கள், மலிவு என்று வாங்குவதில்லை.

விலை உயர்வின் ஒரு பகுதியை வாங்குபவர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இழுத்துச்செல்லும் விமானத்துக்காகக் காத்திருக்காமல், வயலில் இறங்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்க, புதிய கிளைடர்களில் பெரும்பாலானவற்றில் மோட்டார் வந்துவிட்டது. அதைக் கழிக்காமல் பழைய விலையோடு ஒப்பிடுவது சரியாகாது. கழித்தாலும் ஏற்றம் மறையவில்லை.

சரி, வழவழப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மலிவாக ஒன்று செய்தால்? பன்னாட்டு கிளைடிங் ஆணையம் 1989இல் அதற்கென்றே வடிவமைப்புப் போட்டி அறிவித்தது. வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பிடபிள்யூ-5 தேர்வானது. 1 கிலோமீட்டர் உயரத்துக்கு 32 கிலோமீட்டர் போகும், எளிய, பத்திரமான கிளைடர். அதற்கென்று உலகப் போட்டிப் பிரிவே தொடங்கினார்கள், பிறகு கைவிட்டார்கள். காரணம், கிட்டத்தட்ட அதே பணத்துக்கு அதைவிட நன்றாக மிதக்கும் பழைய ஸ்டாண்டர்ட் சிர்ரஸ் என்ற கிளைடர் கிடைத்தது. கண்ணாடி இழைக் கிளைடர் எளிதில் தேய்வதில்லை. முதலில் 3,000 மணி நேரத்தில் முழுச் சோதனை கேட்ட அதிகாரிகளே, உத்தரங்களைச் சோதித்துப் பார்த்த பின் படிப்படியாக 12,000 மணி வரை அனுமதித்தார்கள். 1980இல் வந்து ஆயிரத்துக்கு மேல் விற்ற எல்எஸ்4 இன்றும் 40 கிலோமீட்டர் போகிறது. இப்படி நாற்பது ஆண்டு உழைக்கும் பழையதுதான் மலிவான புதியதைச் சந்தையிலிருந்து துரத்தியது. புதியவற்றில் உச்சத்தில் உள்ளவை மட்டுமே மிஞ்சின.

அந்தப் பழையதும் இப்போது ஏறுவதற்குக் காரணம் அதே உப்புத்தாள். எல்எஸ்4ஐச் செய்த ரோலாடன்-ஷ்னைடர் 2003இல் திவாலானது. ஆயிரத்துச் சொச்சம் என்ற கூட்டத்தில் விபத்தில் போனவை போக, மிச்சத்துக்குத்தான் போட்டி. வெயிலும் உயரத்துக் குளிரும் மாறி மாறிப் பட்டு ஜெல்கோட் நுண்ணிய விரிசல் விடுகிறது. அதை முழுவதும் சுரண்டி, புதிதாகப் பூசி, மறுபடி நூற்றுக்கணக்கான மணி நேரம் தேய்க்க வேண்டும். அந்தக் கூலி பல சமயம் கிளைடரின் விலையையே தொட்டுவிடுகிறது. ஆகவே விளம்பரத்தில் பூச்சு புதிது என்று இருந்தால், வாங்குபவர் பாதி விலையை அதற்குத்தான் கொடுக்கிறார். இதைச் சம்பளமில்லாமல் சமாளிக்கும் வழியை ஜெர்மன் கிளப்புகள் வைத்திருக்கின்றன: கோடையில் பறக்க விரும்பும் உறுப்பினர், குளிர்காலத்தில் பட்டறைக்கு வந்து குறிப்பிட்ட மணி நேரம் வேலை செய்து கொடுக்க வேண்டும். மாணவர்களால் இன்னும் பறக்க முடிகிறது என்றால் அந்த மணி நேரங்களால்தான்.