நாளைய சபையும் இன்றைய வாலிபரும்

நம் ஆலயங்களில் ஆண்டுக்கொருமுறை வாலிபர் ஞாயிறு கொண்டாடப்படுகின்றது. அன்று வேதபாடம் வாசிப்போரும் இளைஞர். காணிக்கை எடுப்போரும் இளைஞர். பாடகர் குழுவை நடத்துவோரும் இளைஞர். ஆராதனையின் முடிவிலே மூப்பர் ஒருவர் எழுந்து, வாலிபரே நாளைய திருச்சபை என வாயார வாழ்த்தி அமர்வார். அடுத்த ஞாயிறு யாவும் பழையபடியே நடைபெறும். இளைஞர் பின்வாங்கில் அமர்ந்திருப்பர். ஒளிவிழா வந்தால் தோரணம் கட்டவும், கதிரை அடுக்கவும் மீண்டும் அழைக்கப்படுவர்.

ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியனாகவும், வாலிபர் சங்கத்தின் ஆலோசகனாகவும், சபையின் நிருவாகக் குழுவில் அங்கத்தவனாகவும் முப்பது ஆண்டுகளுக்கு மேற் பழகியவன் நான். இந்த வாழ்த்தைப் பன்முறை கேட்டுள்ளேன். கேட்கும்போதெல்லாம் ஓர் ஐயம் என்னுள் எழுவதுண்டு. ‘நாளைய சபை’ என்பது பெருமைப்படுத்தும் மொழியா, அன்றித் தவணை கூறும் மொழியா? கடன் கேட்டு வந்தவனை நாளைக்கு வா என்று அனுப்பும் வீட்டுக்காரனுக்கும் நமக்கும் வேற்றுமை என்ன? அந்த நாளை விடியுமுன்னரே இளைஞர் பலர் கடல் கடந்து போய்விடுகின்றனர். ஊரில் இருப்போரிற் பலர் ஆலய வாசலைக் கடந்து போய்விடுகின்றனர். முன்னதற்குப் போரும் பொருளாதாரமும் காரணங்கள். பின்னதற்கு நாமே காரணராகின்றோமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளைஞர் தொடக்கிய பணிகள்

கிறிஸ்தவ உலகின் பேரியக்கங்கள் சிலவற்றின் பிறப்பை நோக்குவோர்க்கு ஓருண்மை புலப்படும். வை.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை 1844ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி லண்டன் மாநகரிலே தொடக்கியவர் பேராயருமல்லர், பேராசிரியருமல்லர். புடைவைக் கடையொன்றிலே பணிபுரிந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்பார் தம் தோழரோடு கூடி அதனைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 22. நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, நெடுநேரம் கடையில் உழைத்து, அக்கடையின் மாடியிலேயே உறங்கிய வாலிபரின் துன்பத்தை அவர் அறிந்திருந்தார். அவரும் அவர்களுள் ஒருவரன்றோ?

1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் மவுண்ட் ஹேர்மன் என்னுமிடத்திலே கல்லூரி மாணவர் மகாநாடொன்று கூடிற்று. அது கலையுமுன் நூறு மாணவர் மிஷன் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தனர். அந்நூற்றுவருள் ஒருவர் 21 வயதினரான ஜோன் மொட். உலக மாணவர் இயக்கத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வழிநடத்தி, 1946இல் நோபல் சமாதானப் பரிசையும் பெற்றவர் இவரே.

இவையெல்லாம் மேனாட்டுக் கதைகள் என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஆயின், இத்தகைய வரலாறு நம் மண்ணிலும் நிகழ்ந்துள்ளது. அதனை நாமே மறந்துவிட்டோம்.

யாழ்ப்பாணம் கற்பித்த பாடம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர் ஒரு மிஷனரிச் சங்கத்தை நடத்தி வந்தனர். மேனாட்டு மிஷனரிமாரின் பணத்தை எதிர்பாராது, தாமே பொருள் திரட்டி, பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழகத்தின் தொண்டிப் பகுதிக்கு அவர்கள் ஊழியரை அனுப்பினர். மிஷனரிமாரை வரவேற்று மட்டுமே பழகிய ஒரு நாட்டின் பிள்ளைகள், தாமும் மிஷனரிமாரை அனுப்பலாம் எனத் துணிந்தமை சிறிய செய்தியன்று.

1902ஆம் ஆண்டு, வேதநாயகம் சாமுவேல் அசரியா என்னும் இளைஞர் யாழ்ப்பாணம் வந்து இதனைக் கண்டார். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையிலே 1874இற் பிறந்தவர் அவர். 1895 முதல் வை.எம்.சி.ஏ.யின் செயலாளராகப் பணியாற்றியவர். யாழ்ப்பாணத்துச் சிறு கூட்டத்தார் செய்வதை, அவர்களினும் பன்மடங்கு பெரிய திருநெல்வேலித் திருச்சபை செய்யவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்திற்று. ஊர் திரும்பியவர் வாளாவிருக்கவில்லை. 1903இலே திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் தோன்றிற்று. ஊழியர் இந்தியராக இருத்தல் வேண்டும். பணமும் இந்தியருடையதாக இருத்தல் வேண்டும். நிருவாகமும் இந்தியர் கையிலேயே இருத்தல் வேண்டும் என்பதே அதன் விதி. அச்சங்கம் தனக்குத் தெரிந்தெடுத்த பணிக்களம் தமிழ்நாடன்று. தெலுங்கு வழங்கும் தோர்ணக்கல் ஆகும்.

1909இல் அசரியா தம் செயலாளர் பதவியைத் துறந்து, குருத்துவப் பட்டம் பெற்று, அதே தோர்ணக்கலுக்குத் தாமே சென்றார். நாடெங்கும் பயணஞ்செய்து, கற்றோர் அவைகளிற் பேசிப் பெயர் பெற்றிருந்த ஒருவர், அயல்மொழியொன்றை அரிச்சுவடியிலிருந்து கற்று, கல்வி வாய்ப்பற்ற ஏழைக் கிராம மக்களிடையே வாழப் புறப்பட்டார். பிறரை அனுப்பும் சங்கத்தைத் தொடக்கியவர் தம்மையே அனுப்பிக்கொண்டார் எனலாம். 1912ஆம் ஆண்டு டிசெம்பர் 29ஆந் திகதி கல்கத்தாவிலே அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது இந்திய அத்தியட்சரானார். 1945 தைமாதம் முதலாந் திகதி மறையும்வரை தோர்ணக்கலே அவரது இருப்பிடமாயிற்று.

இவ்வரலாற்றில் என் நெஞ்சைப் பெரிதும் கவர்வது அந்தத் தொண்டிப் பணியை நடத்திய மாணவரின் நிலையே. தாம் செய்வதை ஒருவர் வந்து காண்பார், கண்டவர் ஒரு சங்கத்தைத் தோற்றுவிப்பார், பின்பு அத்தியட்சராவார் என அவர்கள் கனவிலும் கருதியிரார். அவர்களுக்கு அளிக்கப்பட்டது ஒரு மெய்யான வேலை; அதற்கு மெய்யாகவே பணம் வேண்டியிருந்தது, கணக்கு வேண்டியிருந்தது. தோரணம் கட்டுவதோடு அவர்களது வாலிபர் சங்கம் நின்றிருந்தால், அசரியா யாழ்ப்பாணத்திலே கண்டு செல்வதற்கு என்ன இருந்திருக்கும்?

ஆதரவும் நட்பும்

1910ஆம் ஆண்டு எடின்பரோ நகரிலே உலக மிஷனரி மகாநாடு நடைபெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவர், மேலே கூறிய ஜோன் மொட். ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடியிருந்த அவ்வவையிலே ஆசிய நாட்டவர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவராய் எழுந்த அசரியாவுக்கு அப்போது வயது 35. மிஷனரிமாரின் தியாகங்களை நன்றியோடு எடுத்துரைத்த அவர், அவற்றோடு அமையாது, எங்களுக்கு உங்கள் நட்பும் வேண்டும் என்ற வேண்டுகோளை வைத்தார். கேட்டோருட் சிலருக்கு அது கசந்தது. தருமம் செய்வோருக்குத் தருமத்தைப் பற்றி எவரும் குறைகூறுவது பிடிப்பதில்லை.

அசரியா அன்று வெள்ளையரை நோக்கிக் கேட்டதையே இன்று நம் வாலிபர் நம்மை நோக்கிக் கேட்கின்றனர் என்பது என் துணிபு. நாம் அவர்களுக்கு ஆதரவு தருகின்றோம், சுற்றுலாவுக்குப் பணம் ஒதுக்குகின்றோம், பரிசளிக்கின்றோம். நட்புத் தருகின்றோமா? நட்பென்றால், அவர்கள் சொல்வது நம் கருத்தை மாற்றவும் கூடும் என்ற ஆயத்தத்தோடு கேட்பது. அசரியாவுக்கு அத்தகைய நண்பர் வாய்த்திருந்தனர். அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ் கற்ற ஷேர்வுட் எடி அவரோடு தோழனாய்ப் பழகினார். சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி வைற்ஹெட், பலரது எதிர்ப்பையும் பொருட்படுத்தாது அவர் அத்தியட்சராவதற்காக வாதாடினார்.

அடுத்த தலைமுறையில் நம் நாட்டவரான டி. ரி. நைல்ஸ் தோன்றினார். 1908இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து, பெங்களூரிலே இறையியல் பயின்று, மெதடிஸ்த திருச்சபையிலே குருவானவர் அவர். 1938 டிசெம்பரில் தாம்பரத்திலே கூடிய உலக மிஷனரி மகாநாட்டில், மிக இளைய பிரதிநிதிகளுள் ஒருவராய் முப்பது வயதில் அவர் அமர்ந்திருந்தார். அதே மகாநாட்டில் 64 வயதினரான அசரியாவும் இருந்தார். பத்தாண்டுகளின் பின், 1948 ஓகஸ்டில், அம்ஸ்டர்டாம் நகரிலே உலகத் திருச்சபைகளின் மன்றம் தொடக்கிவைக்கப்பட்டது. அத்தொடக்க ஆராதனையிலே உரையாற்றியோர் இருவர். ஒருவர் 83 வயதினரான ஜோன் மொட். மற்றவர் 40 வயதினரான நைல்ஸ். மவுண்ட் ஹேர்மனிலே இளைஞனாய்த் தொடங்கிய முதியவர் ஒருபுறம். யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற இளையவர் மறுபுறம். முதியவர் விலக்கப்படவில்லை, இளையவர் காக்கவைக்கப்படவுமில்லை. திருச்சபைத் தலைமை எவ்வாறு கைமாற வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்றை நான் அறியேன்.

பக்குவம் எப்போது வரும்?

இங்கே ஒரு நியாயமான தடை எழும். இளைஞருக்குப் பக்குவம் போதாது. பொறுப்பைக் கொடுத்தாற் பாழாக்குவர் என்பர். இத்தடையை எள்ளி நகையாடுதல் தகாது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்திலே, அவனது இளமையைக் காட்டி எவரும் அவனை அற்பமாய் எண்ணலாகாது எனக் கூறும் பவுல், அதே நிருபத்திலே புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணிப்பில் அமர்த்தலாகாது எனவும் எச்சரிக்கின்றார். இரண்டும் மெய்யே. அவ்விரண்டையும் இணைப்பது பயிற்சி. எலிசா எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்த காலத்தையும் மறத்தலாகாது. சால்வை இறுதியில் அவன் கையிற் சேர்ந்ததையும் மறத்தலாகாது. முன்னதை மட்டும் இளைஞருக்குப் போதித்து, பின்னதை மறைப்பது நம் வழக்கமாகிவிட்டது.

நான் அறிந்த இரு சபைகளைப் பற்றிச் சொல்வேன், பெயர்கள் வேண்டா. ஒன்றிலே வாலிபர் சிலர், ஏழைப் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு நடத்த விரும்பி அனுமதி வேண்டினர். நிருவாகக் குழு அனுமதி தந்தது. ஆயின், வெண்கட்டி வாங்குவதற்கும் பொருளாளரின் கையொப்பம் வேண்டும். மண்டபத் திறப்பு மூப்பர் ஒருவரிடமே இருக்கும். அவர் வராத நாட்களில் பிள்ளைகள் முற்றத்திலே நின்று திரும்பினர். எட்டுத் திங்களில் வகுப்பு நின்றுபோயிற்று. வாலிபருக்கு ஊக்கமில்லை என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது.

மற்றச் சபையிலே அதேபோன்ற வகுப்பின் கணக்குப் புத்தகம் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியின் கையிற் கொடுக்கப்பட்டது. ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் மாதத்தில் ஒரு மாலை அவளோடிருந்து கணக்கைச் சரிபார்ப்பார், தாமே எழுதமாட்டார். ஒருமுறை கணக்கிலே நானூறு ரூபாய் குறைந்தது. அவர் அதனைத் தம் பையிலிருந்து ஈடுசெய்யவும் இல்லை, குழுவிடம் சென்று முறையிடவும் இல்லை. “பிள்ளை, திரும்ப முதலிலிருந்து கூட்டிப் பாரும்” என்றார். இரவு ஒன்பது மணிக்கு அவள் பிழையைக் கண்டுபிடித்தாள். பின்னர் அச்சபையின் பொருளாளராகத் தெரிவானவள் அவளே. பக்குவம் வந்தபின் பொறுப்பு என்று காத்திருந்தால் பக்குவம் எங்கிருந்து வரும்? நீந்தத் தெரிந்தபின்பே நீரில் இறங்குவேன் என்பது போன்றதே அது.

கேளிக்கையால் இளைஞரைக் கட்டிவைக்கலாம் என்ற எண்ணமும் பயனற்றது. இசைக்கருவிகளும் ஒளிப்படக் காட்சிகளும் தீயவையல்ல; ஆனால் அவற்றில் நம்மை வெல்லும் ஆற்றல் வெளியுலகுக்கு உண்டு. இளைஞர் உள்ளம் தியாகத்தைக் கேட்கும் அழைப்புக்கே செவிசாய்க்கும். அதனைத் திருச்சபையிலே கேளாதபோது பிற இடங்களிற் கேட்கும். 1924இலே ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் தொடக்கிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், சமயப் பிரிவு கடந்து இளைஞரை ஒன்றுதிரட்டித் தீண்டாமையை எதிர்த்தது. 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தது. ஆலயத்துக்குள்ளேயும் சாதி பார்த்தோர் மலிந்திருந்த காலம் அது. பெரியோர் கூறத் தயங்கியதை அவ்விளைஞர் வெளிப்படக் கூறினர்.

இளைஞருக்கு இடங்கொடுப்பதில் நமக்குள்ள மெய்யான அச்சம் இதுவே என நினைக்கின்றேன். அவர்கள் பிழை செய்வர் என்பதினும், நம் பிழையைச் சொல்லிவிடுவர் என்பதே நம்மைத் தடுக்கின்றது.

இவ்வச்சத்துக்கு மருந்து சாமுவேலின் வரலாற்றில் உண்டு. ஆலயத்திலே படுத்திருந்த சிறுவனுக்கு அழைப்பு வந்தது. அழைத்தவர் யாரென அவன் அறியவில்லை. கண் மங்கிய முதியவனான ஏலியே அதனை உணர்ந்து, எவ்வாறு மறுமொழி கூறவேண்டும் எனக் கற்பித்தான். முதியோரின்றி அச்சிறுவன் தீர்க்கதரிசி ஆகியிரான். ஆயின், சிறுவன் கேட்ட செய்தியோ ஏலியின் குடும்பத்துக்கு எதிரான தீர்ப்பு. காலையில் அதனைச் சொல்ல அவன் அஞ்சினான். ஏலி அவனை வருவித்து, ஒன்றையும் மறையாதே என வற்புறுத்தி, முழுவதையும் கேட்டான், கேட்டபின் கடிந்துகொள்ளவுமில்லை. பல குறைகள் நிறைந்த அம்முதியவனிடம் திருச்சபைத் தலைவர் கற்கவேண்டிய பாடம் இவ்வொரு செயலில் அடங்கியுள்ளது.

வருடாந்தப் பொதுக்கூட்டங்களிலே நிருவாகக் குழுவுக்குப் பெயர்கள் முன்மொழியப்படும் வேளையில் இதனை நினைவுகூருவோமாக. இருபது வயதினர் இருவரின் பெயர்களும் அங்கே ஒலிக்கட்டும். அவர்களுட் பெண்ணொருத்தியும் இருக்கட்டும். அவர்களுக்கு வாக்குரிமை இருக்கட்டும். கணக்குப் புத்தகமும் மண்டபத் திறப்பும் கையில் இருக்கட்டும். அருகே பொறுமையுள்ள முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கட்டும். முதற் கூட்டத்திலே அவர்கள் நமக்குப் பிடிக்காத ஏதேனும் ஒன்றைக் கூறுவர். அதனை இறுதிவரை கேட்பதிலிருந்து நம் பணி தொடங்குகின்றது.