பை தூக்கிய தோள்கள்

ஒரு கோல்ஃப் பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மட்டைகளோடு பந்துகள், குடை, மழைச் சட்டை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பதினைந்து கிலோவைத் தொட்டுவிடும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினெட்டுக் குழிகளையும் சுற்றிவர நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தியாவில் கோல்ஃப் ‘ப்ரோ’ ஆனவர்களில் பெரும்பாலோரின் வாழ்க்கை இந்தப் பைக்கு அடியில்தான் தொடங்கியது. பை தூக்குகிறவருக்குக் ‘கேடி’ என்று பெயர். நம் ஊர் வழக்கில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. இங்கே அதை மறந்துவிடுங்கள்.

பிரிட்டிஷார் விட்டுப்போன ஆட்டம் இது. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கிளப் இல்லை. உள்ளே ஆடியவர்கள் துரைமார்கள், அவர்களுக்குப் பின் அதிகாரிகள், தொழிலதிபர்கள். மதிலுக்கு வெளியே குடிசைகள். அங்கிருந்து வந்த பையன்கள் பந்து பொறுக்கினார்கள், பை தூக்கினார்கள், பார்த்துப் பார்த்தே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். பராமரிப்புக்காக மைதானத்தை மூடும் திங்கட்கிழமைகளில் பல கிளப்களில் கேடிகளை ஆட விட்டார்கள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவர்களுடைய அகாடமி.

ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வயதான கேடி ஒருவரோடு ஒரு காலையில் நடந்திருக்கிறேன். பந்து குழிக்குப் பத்தடி தூரத்தில் கிடந்தது. என் கண்ணுக்குத் தரை இடப்பக்கம் சரிவதாகத் தெரிந்தது. அவர் குனியக்கூட இல்லை. “பார்க்க அப்படித்தான் தெரியும் சார். தண்ணி ஓடுறது அந்தாண்ட. பந்தும் அந்தாண்டதான் போகும்” என்றார். அப்படியேதான் போனது. முதன்முதலில் எதை வைத்து ஆடிப் பழகினீர்கள் என்று கேட்டேன். தைல மரக் கிளை ஒன்றை நுனி வளைவாக வெட்டி, பிடிக்கும் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டதாகச் சொன்னார். சொல்லும்போதே அவருடைய இரண்டு கைகளும் தாமாகச் சேர்ந்து, இல்லாத அந்த மட்டையைப் பிடித்தன. ஒரு கையின் சுண்டுவிரல் மறு கையின் ஆள்காட்டி விரல் மேல் சரியாக ஏறியிருந்தது. எந்தப் பயிற்சியாளரும் குறை சொல்ல முடியாத பிடி அது.

அந்தப் பிடியோடு எத்தனையோ பேர் கேடியாகவே முதுமை அடைந்தார்கள். சிலர் மட்டும் மதிலைத் தாண்டினார்கள். டெல்லி கோல்ஃப் கிளப்பில் பை தூக்கிய அலி ஷேர் அவர்களில் ஒருவர். இந்தியன் ஓபன் 1964-இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே பி.ஜி. சேத்தி வென்றார், ஆனால் அவர் பணத்துக்காக ஆடாத அமெச்சூர். அதன்பின் 25 ஆண்டுகள் கோப்பை வெளிநாட்டுக்காரர் கைகளிலேயே இருந்தது. 1991-இல் அலி ஷேர் அதை வென்றார். போட்டி நடந்தது அவர் பை தூக்கி வளர்ந்த அதே மைதானத்தில். இருபுறமும் முட்புதர் நெருக்கும் ஒடுங்கிய பாதைகள் அங்கே. பந்து தொலைந்தால் எந்தப் புதரில் தேட வேண்டும் என்று அறிந்த கால்கள் அவருடையவை. 1993-இல் மீண்டும் வென்று, முதல் வெற்றி அதிர்ஷ்டம் அல்ல என்று காட்டினார்.

கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌரசியாவின் தந்தை ராயல் கல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவர். மகன் அந்தப் புல்லிலேயே வளர்ந்து, பந்தைக் குழிக்கு அருகே கொண்டுவந்து உருட்டுவதில் தேர்ந்து, 2008-இல் ஐரோப்பிய டூரைச் சேர்ந்த இந்தியன் மாஸ்டர்ஸை டெல்லியில் வென்றார். பிறகு இந்தியன் ஓபனையும் 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-இல் அதே பட்டத்தைச் சமநிலைக்குப் பின் நடந்த பிளே-ஆஃபில் எடுத்தபோது, கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. நாள் கூலிக்குப் பை சுமந்த குடும்பத்தில் அந்தத் தொகை வந்து விழுவதை நினைத்துப் பாருங்கள்.

அவர்களுக்கு வரைபடம் எதுவும் இல்லை. கூலி வேலையில் கை தேறியது. சவால் ஆட்டங்களில் கொஞ்சம் காசு. கிளப் உறுப்பினர் ஒருவர் மனம் வைத்தால் பழைய மட்டை, நுழைவுக் கட்டணம், ரயில் டிக்கெட். அமெச்சூராக இருந்து பெயர் வாங்கக் காத்திருக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. பரிசுப் பணம் வாங்கினால்தான் வீட்டில் உலை வைக்க முடியும் என்பதால் சின்ன வயதிலேயே ப்ரோ ஆனார்கள். எல்லோருமே அப்படி என்று சொல்ல முடியாது. ஜீவ் மில்கா சிங் போல அமெரிக்கக் கல்லூரியில் படித்துத் திரும்பியவர்களும் அப்போதே இருந்தார்கள். ஆனால் அவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இன்றைக்குப் பாதை வேறு. ஐந்து வயதில் அகாடமி. பிறகு இந்தியன் கோல்ஃப் யூனியனின் ஜூனியர் போட்டிகள், அமெச்சூர் தரவரிசை, முடிந்தால் அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை. ப்ரோ ஆனதும் 2006-இல் உருவான பி.ஜி.டி.ஐ. டூரின் தகுதிப் போட்டி. அந்த டூரின் ஆண்டுத் தரவரிசையில் முதலிடம் பிடித்தால் இப்போது நேராக ஐரோப்பிய டூரில், அதாவது டி.பி. வேர்ல்ட் டூரில், ஆடும் அட்டை கிடைக்கிறது. 2023-இல் மாவ் நகரத்துக்காரரான ஓம் பிரகாஷ் சௌகான் அப்படித்தான் போனார். ஐரோப்பிய டூரின் தரவரிசையில், அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூர் அட்டை ஏற்கெனவே இல்லாதவர்களில் மேலே வரும் பத்துப் பேருக்கு அந்த டூரின் கதவு திறக்கிறது. அங்கே பணத்தின் அளவே வேறு. 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் அனிர்பன் லாஹிரி ஒரே ஓர் அடியில் பட்டத்தைத் தவறவிட்டு இரண்டாமிடம் பெற்றார். அதற்கே 21 லட்சத்து 80 ஆயிரம் டாலர்.

பயிற்சியும் மாறிவிட்டது. பையனுக்குப் பின்னால் சிறு பெட்டி போன்ற ஒரு ரேடார் கருவி. அடித்த நொடியில் பந்தின் வேகம், கிளம்பிய கோணம், சுழற்சி எல்லாம் திரையில் எண்களாக வருகின்றன. உடற்பயிற்சிக்கு ஒருவர், மனப்பயிற்சிக்கு ஒருவர், பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டிங்’குக்கு மட்டும் தனியாக ஒருவர். அத்தனைக்கும் செலவு வீட்டாருடையது. ப்ரோ ஆன பிறகும் செலவு நிற்பதில்லை. விமானம், விடுதி, கேடி சம்பளம் எல்லாம் ஆடுகிறவர் கைக்காசு. நான்கு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’ விழும். அதற்குக் கீழே நிற்கிறவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மாதச் சம்பளம் என்ற பேச்சே இந்தத் தொழிலில் கிடையாது.

இந்தப் புதிய பாதை கொண்டுவந்த பெரும் நன்மை பெண்களின் வருகை. அன்றைய கேடி வழியில் பெண்பிள்ளைக்கு இடமே இல்லை. பெங்களூரில் ஓர் உணவகத்தில் பெற்றோரோடு உட்கார்ந்திருந்த ஐந்து வயது அதிதி அசோக், எதிரே தெரிந்த கோல்ஃப் மைதானத்தைப் பார்த்து ஆசைப்பட்டாள். அந்தச் சிறுமி 18 வயதில் ரியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அதே ஆண்டு மகளிர் இந்தியன் ஓபனையும் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கோல்ஃபின் கடைசி நாளான 2021 ஆகஸ்ட் 7 காலையில், கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளில்கூட டிவி ஓடியது. அதிதி உலகத் தரவரிசையில் 200-ஆம் இடத்தில் இருந்தவர். சில மாதங்களுக்கு முன் கொரோனா வந்து உடல் வலு குறைந்திருந்தது. மற்றவர்களின் பந்து அவருடைய பந்தைத் தாண்டித் தொலைவில் போய் விழுந்தது. பட்டிங் மட்டையான பட்டரை மட்டும் நம்பி நான்கு நாளும் பதக்க வரிசையில் நின்றார். கடைசிக் குழியில் நீளமான பட் ஒன்று விழவில்லை. நான்காமிடம். ஓர் அடியில் வெண்கலம் தவறியது.

அன்று அவருடைய பையைச் சுமந்தவர் தாய் மகேஸ்வரி. ரியோவில் சுமந்தவர் தந்தை. எனக்கு இந்த இரண்டு காலங்களையும் பிரித்துக் காட்டுவது இதுதான். அன்று பிள்ளை ஊரார் பையைச் சுமந்து மேலே வந்தான். இன்று பிள்ளையின் பையைக் குடும்பமே சுமக்கிறது. அந்தப் பெற்றோரின் அர்ப்பணிப்பை நான் வணங்குகிறேன். ஆனால் அப்படிச் சுமக்க வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளை என்ன செய்வான்? பேட்டரி வண்டியும் தள்ளுவண்டியும் வந்த மைதானங்களில் கேடி வேலையே சுருங்கிவருகிறது. பையோடு சேர்ந்து அந்தப் பின்வாசலும் மூடிக்கொண்டிருக்கிறது.

மூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பந்து பொறுக்கிய எஸ். சிக்கரங்கப்பாவை, லாஹிரிக்குப் பயிற்சி தந்த விஜய் திவேச்சா தன் மாணவனாகச் சேர்த்துக்கொண்டார். அந்தப் பையன் ஆசிய டூர் வரை போனான். அதற்குத் தேவைப்பட்டது கண்ணெதிரே பந்து பொறுக்கும் சிறுவனை நிமிர்ந்து பார்த்த ஒரு பயிற்சியாளர்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது ஒரு கோல்ஃப் கிளப்பில் உறுப்பினராக இருக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் எழுந்து ஒன்று கேளுங்கள். திங்கட்கிழமைக் காலையைக் கேடிகளின் பிள்ளைகளுக்கு, மகன் மகள் இருவருக்கும், கட்டணமில்லாமல் திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மட்டைகளையும் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.