கண்ணாடி வெப்பமானி உடைந்தால்: பாதரசத்தைக் கண்டறிவதும் அகற்றுவதும்

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் பழைய கண்ணாடி வெப்பமானி இன்னும் இருக்கிறதா? அதனுள் வெள்ளிபோல் மின்னுவது பாதரசம். சிறுவயதில் அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். பேரப்பிள்ளைகளை அப்படி விளையாட விடாதீர்கள்.

ஏன் கவனம் தேவை?

பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நீண்டகாலம் சுவாசித்தால் மூளையும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

காற்றில்: பாதரச ஆவி ஒரு குறிப்பிட்ட புற ஊதா ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். கருவிக்குள் இழுக்கப்படும் காற்றின் வழியே அந்த ஒளியைச் செலுத்தி, எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுவார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு, ஆண்டுச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு மில்லியன் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கு!

உடலில்: ஆவியைச் சுவாசித்தவருக்குப் பெரும்பாலும் சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். மீன் உணவின் வழி சேரும் பாதரசத்தை இரத்தத்திலோ தலைமுடியிலோ அளப்பார்கள்.

வெப்பமானி உடைந்தால்:

• பிள்ளைகளையும் செல்லப்பிராணிகளையும் வெளியேற்றுங்கள். குளிர்சாதனத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறங்கள். மற்ற அறைகளின் கதவுகளை மூடுங்கள்.
• துடைப்பமோ தூசு உறிஞ்சியோ வேண்டாம். அவை பாதரசத்தைப் பரப்பிவிடும்.
• கையுறை அணிந்து, கண்ணாடித் துண்டுகளைக் கவனமாக எடுங்கள். கைவிளக்கைத் தரையோரம் சாய்த்துப் பிடித்தால் துளிகள் மின்னும். அவற்றைத் தடித்த அட்டையால் ஒன்றுசேர்த்து எடுங்கள். மிகச் சிறியவற்றை ஒட்டுநாடாவில் ஒட்டி எடுக்கலாம்.
• எல்லாவற்றையும் மூடியுள்ள போத்தலில் இட்டு இறுக மூடுங்கள். கழிவுநீர்க் குழாயிலோ குப்பையிலோ போடாதீர்கள். பாதுகாப்பாக அகற்றும் முறையைத் தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேளுங்கள்.

மருத்துவரை எப்போது பார்ப்பது?

இருமல், நெஞ்சுவலி, காய்ச்சல் இருந்தால் உடனே பாருங்கள். மூச்சுத்திணறல் ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள். சில வாரங்கள் கழித்துக் கைநடுக்கமோ தூக்கமின்மையோ வந்தால், வயதானதால்தான் என்று விட்டுவிடாதீர்கள். வெப்பமானி உடைந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் எந்தப் பரிசோதனை தேவை என்று அவரால் முடிவுசெய்ய முடியும்.

உடையும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மின்னியல் வெப்பமானிக்கு மாறுங்கள்.